கிளுவை வேலிக் காந்தள்: ஆய்வு தொடங்கும் பிள்ளைகளுக்கு

ஆனி பிறந்தால் போதும், தாவரவியலில் ஆய்வுக்குப் பதிவு செய்த பிள்ளைகள் யாராவது என் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுகிறார்கள். இந்த ஆண்டு வந்த மூவருக்கும் தலைப்பு ஒன்றுதான்: செங்காந்தளின் இயற்கைக் கூட்டங்களிடையே மரபணு வேறுபாடு. கேட்டதும் மனம் நிறைந்தது. நம் மாநில மலர். குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்கும் கபிலர் முதலில் வைத்த பூவும் இதுதான். என் வாழ்நாளில் பாதியை இந்தக் கொடியின் பின்னால் நடந்தே கழித்திருக்கிறேன்.

அந்த மூவரிடம் மூன்று மாலைகளில் சொன்னவற்றை இங்கே எண் போட்டு எழுதுகிறேன். ஆய்வகக் கருவிகள் என் காலத்தைவிட எவ்வளவோ வளர்ந்துவிட்டன. அவற்றைப் பற்றி உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். வேலி ஓரத்தில் செய்யவேண்டிய வேலை மட்டும் அன்று போலவே இன்றும் இருக்கிறது. நான் பேசுவதெல்லாம் பெரும்பாலும் அதைப் பற்றித்தான்.

1. முதல் பருவம் முழுக்க ஓர் இலைகூடப் பறிக்காதீர்கள். போய் நின்று பாருங்கள்.

ஆடி மழைக்குப் பிறகு மண்ணைக் கீறிக்கொண்டு முளை வரும். இலை நுனி சுருண்டு பக்கத்துக் குச்சியைப் பற்றிக்கொண்டு ஏறும். பூ பச்சை சாயலோடு விரிந்து, மஞ்சளும் சிவப்புமாகி, முழுச் சிவப்பாக முதிரும். காய் வெடித்து உள்ளே சிவப்பு விதைகள் தெரியும். அதற்குப் பிறகு கொடி காய்ந்து, அங்கே ஒரு செடி இருந்ததற்கான தடயமே இல்லாமல் போய்விடும். இத்தனையையும் ஒரே வேலியில் நின்று ஒரு சுற்றாவது பார்த்திருக்கவேண்டும்.

பூவின் நடுவைக் கூர்ந்து பாருங்கள். ஆறு மகரந்தத் தாள்கள் சுற்றிலும் விரிந்து நிற்கும். சூல்தண்டு அடியிலேயே மடங்கி, ஏறக்குறையச் செங்கோணத்தில் பக்கவாட்டில் நீண்டிருக்கும். தன் மகரந்தம் தன் சூல்முடியில் எளிதில் விழாதபடி அமைந்த பூ இது. வண்ணத்துப்பூச்சியோ தேனீயோ வந்து தொடவேண்டும். பயிராக வளர்க்கும் ஊர்களில் காலை நேரத்தில் ஆட்கள் பாத்தி பாத்தியாகப் போய்க் கையால் மகரந்தம் தொட்டு வைப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதற்குக் காரணம் இந்த மடங்கிய தண்டுதான். பின்னால் கணினித் திரையில் எண்கள் வரும்போது இந்தப் பூவின் அமைப்பு உங்கள் நினைவில் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் எண்ணுக்குப் பொருள் தெரியாது.

இன்னொன்று. ஊருக்குள் போய் "காந்தள் எங்கே இருக்கிறது?" என்று கேட்டால் பாதிப் பேர் விழிப்பார்கள். கண்வலிப்பூ என்று கேளுங்கள். சில ஊர்களில் கார்த்திகைப்பூ, சில ஊர்களில் கலப்பைக்கிழங்கு. எந்த ஊரில் எந்தப் பெயர் என்பதையும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

2. ஒரு வேலியில் நாற்பது கொடி நின்றால், அங்கே நாற்பது செடி என்று எழுதிவிடாதீர்கள்.

கலப்பைக்கிழங்கு என்ற பெயர் சும்மா வரவில்லை. கிழங்கு ஏர்க்கலப்பைபோல வளைந்து இரண்டு கைகளாக இருக்கும். ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரு மொட்டு. பருவம் முடிவதற்குள் பழைய கிழங்கு சுருங்கிப்போய்ப் புதுக்கிழங்கு உருவாகியிருக்கும். இரண்டு மொட்டும் பிழைத்தால் அடுத்த மழைக்கு இரண்டு கொடி. அவை இரண்டும் மறுபடி இரண்டானால் நான்கு. இப்படியே ஒரே விதையில் பிறந்த ஒரு செடி ஆண்டுக்கு ஒரு சாண், அரைச் சாண் என்று மண்ணுக்கடியில் நகர்ந்து வேலி நெடுகப் பரவிவிடும். கண்ணுக்கு அது ஒரு கூட்டம். மரபணுக் கணக்கில் அது ஒரே ஆள்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. தவறு செய்து தெரிந்துகொண்டேன். முதல் சேகரிப்பில் ஒரே வேலியில் 22 கொடிகளிலிருந்து இலை எடுத்தேன். ஜெல் தட்டில் 22 வரிசையும் ஒன்றுபோலவே பட்டை காட்டின. இந்தக் கூட்டத்தில் வேறுபாடு முழுவதும் அழிந்துவிட்டது என்று பத்துப் பக்கம் எழுதி என் ஆசிரியரிடம் கொண்டுபோனேன். அவர் முழுக்கப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "கொடிக்கும் கொடிக்கும் எத்தனை அடி?" நான் அளக்கவே இல்லை. மறுவருஷம் நாடாவோடு போய் அளந்தபோது, 22 கொடியும் பதினைந்தடி நீளத்துக்குள் நின்றிருந்தது தெரிந்தது. அதே வேலியில் இன்னும் கொஞ்சம் தள்ளி நடந்திருந்தால் வேறு செடிகள் கிடைத்திருக்கும், கிடைத்தும் விட்டன. ஒரே செடியை 22 முறை பறித்துவிட்டு ஒரு கூட்டத்தின் அழிவை அறிவிக்கப் பார்த்தேன். அந்தப் பத்துப் பக்கத்தை இன்னும் வைத்திருக்கிறேன். வரும் பிள்ளைகளுக்கு எடுத்துக் காட்டுகிறேன்.

ஆகவே முதலில் ஒரே ஒரு வேலியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இருபது மீட்டர் நீளத்தில் முளைத்த ஒவ்வொரு கொடியையும் வரைபடத்தில் குறித்து, எல்லாவற்றையும் சோதித்துப் பாருங்கள். ஒரே ஆள் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பது தெரிந்துவிடும். அந்தத் தூரத்தைவிடக் கூடுதலாக இடைவெளி விட்டு மற்ற இடங்களில் பறியுங்கள். கட்டுரையில் எத்தனை இலை எடுத்தேன் என்பதோடு, அவற்றில் எத்தனை தனித்தனி ஆள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இரண்டாவது எண் இல்லாத கட்டுரையை நான் நம்புவதில்லை.

3. எதை "இயற்கைக் கூட்டம்" என்று சொல்கிறீர்கள் என்பதை ஊரில் விசாரித்துவிட்டு எழுதுங்கள். இந்த ஆய்வில் மிகக் கடினமான பகுதி இதுதான். பெரும்பாலோர் கடந்துபோய்விடுகிற பகுதியும் இதுதான்.

காந்தள் இன்று காட்டுக்கொடி மட்டும் கிடையாது. மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம், அரவக்குறிச்சி வட்டாரத்திலும், ஜெயங்கொண்டம் பக்கத்திலும், வேதாரண்யத்து மணலிலும் அது பணப்பயிர். விதையிலும் கிழங்கிலும் கால்ச்சிசின் என்ற நஞ்சு இருக்கிறது. கீல்வாத நோயில் ஒரு வகைக்கு அது மருந்து. விதைக்கு விலை உண்டு. ஆனால் விதை போட்டால் முளைக்கத் தாமதமாகும். பூக்க மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். எந்த விவசாயி அவ்வளவு காலம் காத்திருப்பார்? கிழங்கு நட்டால் அந்த ஆண்டே பூ. அதனால் நடவுக்குக் கிழங்கு வேண்டும். பயிர் பரவிய காலத்தில் அந்தக் கிழங்கு காட்டிலிருந்தும் வேலியிலிருந்தும் தோண்டி வந்தது. தோண்டியவர் ஒருவர், வாங்கியவர் ஒருவர், மூட்டை கட்டி வேறு ஊரில் விற்றவர் இன்னொருவர். ஒரு மூட்டைக்குள் எத்தனை மலையின், எத்தனை ஊரின் கிழங்கு கலந்திருந்தது என்று விற்றவருக்கே தெரியாது.

அடுத்து நடந்ததைக் கவனியுங்கள். அறுவடைக்குப் பிறகு சிறுத்த கிழங்கையும் உடைந்த கிழங்கையும் வேலியோரம் வீசுவார்கள். மொட்டு உயிரோடு இருந்தால் மழைக்கு முளைத்துவிடும். ஐந்தாறு வருஷம் கழித்து நீங்கள் போகிறீர்கள். வேலியில் அழகாகப் பூத்திருக்கிறது. இயற்கைக் கூட்டம் என்று எழுதிப் பறித்துக்கொண்டு வருகிறீர்கள். உண்மையில் நீங்கள் அளப்பது ஒரு வியாபாரியின் சாக்கு மூட்டையை.

காங்கயம், மூலனூர்ப் பக்கத்துக் கொறங்காட்டு மேய்ச்சல் நிலங்களைச் சுற்றி முள்கிளுவை வேலி இருக்கும். ஆட்டு வாயும் மண்வெட்டியும் எட்டாத அந்த முள்ளுக்குள்தான் காந்தள் காலம் காலமாகப் பிழைத்துக் கிடக்கிறது. அப்படி ஒரு வேலியில் நான் நின்று குறிப்பெடுத்துக்கொண்டிருந்தபோது, மாடு பிடித்துக்கொண்டு வந்த ஓர் அம்மா நின்று கேட்டார்: "என்ன சாமி பாக்கறீங்க?" சொன்னேன். அவர் கையை நீட்டிக் காட்டினார். "இந்த மூலைல இருக்கறது எங்க மாமியா காலத்துலயே பூத்ததுங்க. அந்தக் கடைசில நிக்கறது, பக்கத்துத் தோட்டத்துல கண்வலி போட்டப்ப வீசுனது." ஒரே வேலி. அதுவரை என் வரைபடத்தில் ஒரே கூட்டம். அந்த இரண்டு வாக்கியத்தால் அது இரண்டானது. எந்தக் கருவியும் எனக்கு இதைச் சொல்லியிருக்க முடியாது. கருவி, இரண்டும் வேறு என்று காட்டியிருக்கும்; ஏன் வேறு என்று காட்டியிருக்காது.

ஆகவே ஒவ்வொரு இடத்திலும் வயதானவர்களிடம் உட்கார்ந்து பேசுங்கள். இந்த ஊரில் கண்வலி எப்போது நட்டார்கள்? கிழங்கு எங்கிருந்து வந்தது? பக்கத்து வயல் எத்தனை தூரம்? வயல் அருகில் இருந்தால் வண்ணத்துப்பூச்சி வழியாக வயல் மகரந்தமும் வேலிக்கு வந்திருக்கும். அப்படிப்பட்ட இடங்களை விட்டுவிடச் சொல்லவில்லை. தனி வகையாகக் குறியுங்கள். வயலிலிருந்தும் மாதிரி எடுங்கள். மூட்டையின் அடையாளம் தெரிந்தால்தான் வேலியில் அது எவ்வளவு தூரம் நுழைந்திருக்கிறது என்று சொல்லமுடியும்.

4. எத்தனை செடி போதும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். கணக்குப் போட்டே காட்டிவிடுகிறேன்.

ஒரு மரபணுவின் மாற்று வடிவம் ஒன்று, அதாவது ஓர் அல்லீல், ஒரு கூட்டத்தில் நூற்றுக்கு ஐந்து என்ற அளவில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு செடியிலும் அந்த மரபணுவுக்கு இரண்டு பிரதி. ஐந்து செடி பறித்தால் 10 பிரதி. அந்த அல்லீல் உங்கள் கையில் சிக்காமல் போக 60 சதவீத வாய்ப்பு. பத்துச் செடி பறித்தால் 36 சதவீதம். முப்பது செடி பறித்தால் 5 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். இடத்துக்கு முப்பது தனி ஆள் என்று பலர் வைத்துக்கொள்வது இதனால்தான். காந்தளில் பல வேலிகளில் முப்பது கிடைக்காது. இருப்பதை எல்லாம் எடுங்கள். குறைவு என்று நேர்மையாக எழுதுங்கள். குறைந்த மாதிரியை மறைத்து, அல்லீல் எண்ணிக்கை குறைவு என்று அந்தக் கூட்டத்தின்மேல் பழி போடக்கூடாது. ஐந்து செடி பார்த்த இடத்தையும் முப்பது செடி பார்த்த இடத்தையும் ஒப்பிடும்போது, மாதிரி அளவைச் சமன்செய்த பிறகே அல்லீல்களை எண்ணவேண்டும்.

5. இலை பறிப்பது சின்ன வேலை. ஆனால் ஆய்வு பாழாவது பெரும்பாலும் இங்கேதான். இளம் இலையாக, பூச்சி கடிக்காததாக எடுங்கள். மழையில் நனைந்திருந்தால் துடைத்துவிட்டுப் போடுங்கள். இலை ஒரு பங்கு என்றால் சிலிக்கா ஜெல் பத்துப் பங்கு. ஒரு நாளுக்குள் இலை அப்பளம் போல நொறுங்கவேண்டும். மெதுவாகக் காய்ந்தால் டி.என்.ஏ. சிதைந்துவிடும். பையின் வெளியே ஒரு சீட்டு, உள்ளே பென்சிலால் எழுதிய ஒரு சீட்டு. பேனா மை ஈரத்தில் ஊறிப்போகும். நாள், இடம், ஜி.பி.எஸ். எண், முன் பறித்த கொடியிலிருந்து தூரம், பக்கத்தில் வயல் உண்டா இல்லையா, எல்லாம் அங்கேயே எழுதவேண்டும். விடுதிக்குப் போய் எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்த நாளின் குறிப்பு எதுவும் எனக்குப் பயன்பட்டதில்லை.

கையுறை போடுங்கள். செடி முழுவதும் நஞ்சு. பறித்த கையோடு சாப்பிட உட்காராதீர்கள். கூட வரும் உதவியாளருக்கும் கிராமத்துக் குழந்தைகளுக்கும் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். கிழங்கைத் தின்று இறந்தவர்கள் உண்டு.

6. கிழங்கைத் தோண்டாதீர்கள். டி.என்.ஏ.வுக்கு இலை போதும். கிழங்கின் நுனி மொட்டு விரலால் தட்டினாலே உடைந்துவிடும். உடைந்த கை முளைக்காது.

7. ஒவ்வொரு இடத்துக்கும் ஓர் உலர்மாதிரி செய்து, பதிவு எண்ணோடு ஒரு ஹெர்பேரியத்தில் வையுங்கள். உங்கள் டி.என்.ஏ. வரிசையைப் பற்றி முப்பது வருஷம் கழித்து யாருக்காவது சந்தேகம் வந்தால் எடுத்துப் பார்க்க அந்தத் தாள் இருக்கவேண்டும்.

வைப்பதோடு நிற்காமல், ஏற்கெனவே இருப்பதைப் பார்க்கவும் போங்கள். கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டலத் தொகுப்பு இருக்கிறது. திருச்சியில் 1967-இல் பாதிரியார் கே.எம். மேத்யூ தொடங்கிய ராபினாட் ஹெர்பேரியம் இருக்கிறது. தமிழகத்துச் சமவெளித் தாவரங்களை ஊர் ஊராகச் சேகரித்து அவர் எழுதிய நூல்தொகுதி இல்லாமல் நம்மில் யாரும் களத்துக்குப் போனதில்லை. இப்படிப்பட்ட இடங்களில் பழைய காந்தள் தாள்களைத் தேடி எடுத்து, அவற்றில் எழுதியிருக்கும் ஊர்ப் பெயர்களைப் பட்டியலிடுங்கள். பயிராக மாறுவதற்கு முன் எந்த ஊரில் இது தானாக இருந்தது என்பதற்கு, அந்த அம்மாவின் மாமியாரைத் தவிர நமக்கு இருக்கும் சாட்சி இந்தத் தாள்கள்தான். பிறகு அந்த ஊர்களுக்கு நேரில் போங்கள். சிலவற்றில் இன்று வீட்டுமனைக் கல் நட்டிருக்கும். அதையும் எழுதுங்கள், இல்லாமல் போனதும் ஒரு தரவு.

8. எந்தக் குறியீட்டு முறை என்பதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1990-இல் வந்த ரேப்பிட் (RAPD) முறையை நாங்கள் தலையில் வைத்துக் கொண்டாடினோம், மலிவு, எளிது. ஆனால் ஒரே மாதிரியை இரண்டு ஆய்வகத்தில் ஓட்டினால் இரண்டு விதமாகப் பட்டை வரும். அதோடு, பட்டை இருக்கிறது அல்லது இல்லை என்று மட்டும் தெரியுமே ஒழிய, செடியிடம் ஒரு பிரதி இருக்கிறதா இரண்டு இருக்கிறதா என்று தெரியாது. இன்று தொடங்குகிறவர்கள் மைக்ரோசாட்டிலைட்டோ, மரபணுத்தொகுதி முழுக்க ஆயிரக்கணக்கான ஓரெழுத்து வேறுபாடுகளைத் தரும் வரிசையாக்கமோ எடுத்துக்கொள்ளுங்கள். பத்து மாதிரியையாவது இரண்டு முறை தனித்தனியாக ஓட்டிப் பிழை விகிதத்தைக் கண்டுபிடியுங்கள். ஒரே ஆளா, வேறு ஆளா என்று முடிவு செய்ய அந்த எண் வேண்டும்.

குரோமோசோமையும் எண்ணுங்கள். காந்தளில் 22 குரோமோசோம் உள்ளவையும் அதன் மடங்குகள் உள்ளவையும் பதிவாகியிருக்கின்றன. எல்லாச் செடியிலும் இரண்டு பிரதிதான் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், நான்கு பிரதி உள்ள செடி வந்ததும் கணக்கு சாய்ந்துவிடும். குரோமோசோம் எண்ணிக்கையை இரட்டிப்பாக்க கால்ச்சிசின் உதவும் என்று 1937-இல் கண்டுபிடித்தார்கள். ஐரோப்பாவின் கால்ச்சிக்கம் செடியிலும் நம் காந்தளிலும் இருக்கும் அதே பொருள். செல் பிரியும்போது குரோமோசோம்களை இரு பக்கமும் இழுக்கும் இழைகளை அது உருவாகவிடாமல் தடுக்கிறது. நீங்கள் வேர்நுனியில் குரோமோசோமை எண்ண மருந்து ஊற்றும்போது, அந்த மருந்தைத் தரும் கொடியின் குரோமோசோமைத்தான் எண்ணுகிறீர்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். எனக்கு ஒவ்வொரு முறையும் அது சிலிர்ப்பைத் தந்தது.

9. எண்கள் கைக்கு வந்ததும் பதறாதீர்கள்.

வேறுபாடு இரண்டு இடத்தில் இருக்கலாம்: ஒரு கூட்டத்துக்கு உள்ளே செடிக்குச் செடி, அல்லது கூட்டத்துக்குக் கூட்டம். மொத்த வேறுபாட்டில் கூட்டங்களுக்கு இடையே இருக்கும் பங்கு எவ்வளவு என்று அளக்கும் முறையை ஸீவல் ரைட் தந்தார். பூஜ்யம் என்றால் எல்லா வேலியும் ஒரே கலயத்து விதை. ஒன்று என்றால் ஒரு வேலியில் இருக்கும் அல்லீல் மற்றதில் அறவே இல்லை. உலகெங்கும் நூற்றுக்கணக்கான தாவரங்களை வைத்துப் பார்த்ததில் ஒரு போக்கு தெளிவாகியிருக்கிறது. தன்மகரந்தத்தால் காய்க்கும் செடிகளில் கூட்டத்துக்குக் கூட்டம் வேறுபாடு அதிகம். அயல்மகரந்தத்தை நம்பி, பல ஆண்டு வாழும் செடிகளில் பெரும்பகுதி வேறுபாடு கூட்டத்தின் உள்ளேயே இருக்கும். முதல் எண்ணில் சொன்ன மடங்கிய சூல்தண்டை இப்போது நினையுங்கள். காந்தளில் இரண்டாவது வகை அமைப்பைத்தான் எதிர்பார்க்கவேண்டும். இரண்டு கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கும் இரண்டு வேலிகள் முழுக்க வேறுபட்டதாக எண் காட்டினால், முதலில் உங்கள் சேகரிப்பைச் சந்தேகியுங்கள்: ஒரே ஆளைப் பலமுறை பறித்தீர்களா? மூட்டைக் கிழங்கா? இவை இல்லை என்று உறுதியான பிறகே, கூட்டம் சிறுத்து அல்லீல்கள் தற்செயலாக உதிர்ந்துபோயினவா என்று யோசியுங்கள்.

சிறுத்த கூட்டத்தின் இழப்புக்கு ஒரு கணக்கு உண்டு. விதை கொடுக்கும் தனி ஆட்கள் பத்துப் பேர் மட்டும் இருந்தால், ஒவ்வொரு தலைமுறையிலும் வேறுபாட்டில் 5 சதவீதம் போகும். ஐம்பது பேர் இருந்தால் 1 சதவீதம். கேட்கச் சின்னதாக இருக்கும். ஆனால் நிலைமையைக் காந்தள் இன்னொரு விதத்தில் மறைக்கிறது. கிழங்கு வழியே ஒரே ஆள் பல பத்தாண்டு வாழ்ந்துகொண்டிருக்கலாம். நீங்கள் இன்று சோதிக்கும் கொடிகள், கிளுவை வேலி மைல் கணக்கில் இடைவெளி இல்லாமல் ஓடிய காலத்தில் விதையிலிருந்து பிறந்தவையாக இருக்கலாம். அவற்றின் வேறுபாடு நன்றாகவே இருக்கும். எல்லாம் நலம் என்று எழுதிவிடத் தோன்றும். எழுதாதீர்கள். அதே வேலியில் விதையிலிருந்து முளைத்த, மெலிந்த இளஞ்செடிகளைத் தேடுங்கள். அவற்றைத் தனியாகச் சோதியுங்கள். பெரியவற்றுக்கும் சிறியவற்றுக்கும் இடையே எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதுதான் வரப்போவதைச் சொல்லும். இளஞ்செடியே இல்லை என்றால், சோதனைக்கு முன்பே பதில் கிடைத்துவிட்டது.

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஏரிக்கரை டெய்சி என்ற மஞ்சள் பூச்செடிக்கு நேர்ந்ததை என் மாணவர்களுக்கு எப்போதும் சொல்வேன். அந்த மாநிலத்தில் கடைசியாக மிஞ்சிய கூட்டம் ஆண்டுதோறும் பூத்தது. தேனீயும் வந்தது. 15 ஆண்டுகளுக்கு மேலாக ஒரு விதைகூடப் பிடிக்கவில்லை. ஆராய்ந்தபோது, மிஞ்சிய செடிகள் எல்லாம் ஒரே இனப்பெருக்கக் குழுவைச் சேர்ந்தவை, ஒன்றின் மகரந்தத்தை மற்றொன்று ஏற்காது என்று தெரிந்தது. ஒஹையோ மாநிலத்துச் செடிகளோடு சேர்த்தபோது விதை பிடித்தது. பூத்துக் குலுங்கிக்கொண்டே ஒரு கூட்டம் முடிந்துபோக முடியும். வேலியில் பூவை எண்ணும் அதே கையால் காயையும் எண்ணுங்கள்.

10. உங்கள் குறியீடுகள் உறவைச் சொல்லும், திறமையைச் சொல்லாது. வேதாரண்யத்து மணலில் நிற்கும் காந்தளை மூலனூர்ச் செம்மண்ணில் வைத்தால் என்ன ஆகும் என்று ஜெல் தட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதற்கு நட்டுத்தான் பார்க்கவேண்டும்.

கலிஃபோர்னியாவில் கிளாவுசன், கெக், ஹைசி என்ற மூவர் இதற்கு வழி காட்டினார்கள். கடல்மட்டத்துக்கு அருகில் ஸ்டான்ஃபோர்டில் ஒன்று, சுமார் 1,400 மீட்டரில் மேதரில் ஒன்று, 3,000 மீட்டருக்கு மேல் டிம்பர்லைனில் ஒன்று என மூன்று தோட்டம் போட்டார்கள். பல உயரங்களிலிருந்து எடுத்த செடிகளைத் துண்டுபோட்டு, ஒரே ஆளின் துண்டை மூன்று தோட்டத்திலும் நட்டார்கள். தாழ்நிலத்துச் செடி மலை உச்சியில் பிழைக்கத் திணறியது. 1940-இல் வெளியான அவர்களுடைய நூலைத் தேடிப் படியுங்கள். அதிலுள்ள செடிகளின் படங்களைப் பார்த்தாலே போதும், ஒரு கூட்டத்தை இன்னொரு கூட்டத்தின் கிழங்கால் நிரப்பிவிடலாம் என்ற எண்ணம் போய்விடும். காந்தளை மீட்கிறோம் என்று சொல்லிக்கொண்டு எங்கோ வாங்கிய கிழங்கை மலையடிவாரத்தில் நடும் நல்ல மனிதர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் உங்கள் முடிவுகளை எடுத்துக்கொண்டு போய்ப் பேசவேண்டியது உங்கள் கடமை.

சோதனைத் தோட்டத்துக்கு விதை எடுங்கள். விதை வங்கிகளில் ஒரு நல்ல வழக்கம் உண்டு: அன்றைக்கு முற்றியிருக்கும் விதையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எடுப்பதில்லை. சிறிய கூட்டத்தில் அதையும் குறைத்துக்கொள்ளுங்கள்.

11. அனுமதி. காப்புக்காட்டுக்குள் போக வனத்துறைக்கு எழுதவேண்டும். மாசியிலேயே எழுதினால்தான் ஆடிக்குக் கடிதம் வரும். 2002-ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டத்தைப் படித்துவிடுங்கள். வெளிநாட்டு ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்புவதாக இருந்தால் சென்னையில் இருக்கும் தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் முன் ஒப்புதல் வேண்டும். தனியார் வேலி என்றால் உடையவரிடம் கேட்டுவிட்டுக் கை வையுங்கள். சட்டம் கேட்காவிட்டாலும் கேளுங்கள்.

12. முடிவு கிடைத்ததும் திரும்பிப் போங்கள். ஆங்கிலக் கட்டுரை அச்சான பிறகு ஒரு பக்கத்தில், தமிழில், பெரிய எழுத்தில், உங்கள் வேலியில் இத்தனை தனி ஆள் இருக்கிறது, இந்த மூலையில் இருப்பது வேறு எங்கும் இல்லாதது என்று எழுதிக்கொண்டு போய்க் கொடுங்கள். ஊராட்சியில் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு இருந்தால் அதில் பதியச் சொல்லுங்கள்.

மாமியார் காலத்துக் கொடியைக் காட்டிய அந்த அம்மா இப்போது இல்லை. அவருடைய பேரன் நிலத்தைச் சுற்றிக் கம்பிவேலி போடப்போவதாகக் கேள்விப்பட்டு, அப்படி ஒரு பக்கத்தை எழுதி எடுத்துக்கொண்டு போனேன். நின்று படித்தார். "ஆத்தா சொல்லீருக்குதுங்க" என்றார். அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. கம்பி வந்துவிட்டது. மூலையில் மட்டும் நாற்பதடிக் கிளுவையை அப்படியே விட்டுவிட்டுக் கம்பி இழுத்திருக்கிறார். போன ஐப்பசியில் அங்கே 11 கொடி எண்ணினேன். அவற்றில் எத்தனை தனி ஆள் என்று நீங்கள்தான் போய்ப் பார்க்கவேண்டும். நாடா எடுத்துக்கொண்டு போங்கள்.